எமர்ஜென்சி டாக்டருக்கு குதிரை லாயத்துல என்ன வேலை?

கேஷுவாலிட்டில புதுசா சேர்ற பசங்க கிட்ட நான் ஒண்ணு சொல்வேன், கேட்டா கிறுக்குத்தனமா இருக்கும். லீவு கிடைச்சா பக்கத்துல ரைடிங் ஸ்கூல் ஏதாவது இருக்கான்னு பாருங்க, போய் ரெண்டு மணி நேரம் குதிரை பக்கத்துல நின்னுட்டு வாங்க, மேல ஏறக்கூட வேணாம். இது என் சொந்தச் சரக்கு இல்ல, அமெரிக்கால அரிசோனா யுனிவர்சிட்டிலயும் ஸ்டான்ஃபோர்டுலயும் மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸை குதிரைங்க கிட்ட கூட்டிட்டுப் போய் பாடம் எடுத்திருக்காங்க, அரிசோனால இதைச் செஞ்சவர் ஆலன் ஹாமில்டன்னு ஒரு நியூரோ சர்ஜன். கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்னு பவர்பாயிண்ட் போட்டு தூங்க வைக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

ஏன் குதிரைன்னா, அது மத்த மிருகத்துக்கு இரையாகிப் பழகின ஜாதி. 500 கிலோ உடம்ப வச்சுக்கிட்டும் யாராவது நம்மளத் திங்க வர்றாங்களான்னுதான் பாத்துக்கிட்டே இருக்கும், பயந்தா யோசிக்காது, ஓடும், ஓட வழி இல்லேன்னா உதைக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம ட்ராலில கிடக்குற ஆளும் கிட்டத்தட்ட அதே நிலைமைலதான் இருக்காரு.

முதல்ல கிட்ட போகாதீங்க. வேலிக்கு வெளியவே நின்னு பாருங்க. காது எந்தப் பக்கம் திரும்புது, மூக்கு விரியுதா, பின்னங்கால் ஒண்ணைத் தளர்த்தி சாவகாசமா நிக்குதா, வால் சும்மா ஈ ஓட்டுதா இல்ல எரிச்சல்ல விசிறுதா. விலா ஏறி இறங்குறத எண்ணுங்க, நல்லா இருக்கிற குதிரை சும்மா நிக்கும்போது நிமிஷத்துக்கு 8லேருந்து 16 தடவைதான் மூச்சு விடும். வலிய இது லேசுல வெளிய காட்டாது. அதனாலயே 2014ல முகத்தை மட்டும் பாத்து வலியை அளக்க ஒரு ஸ்கேல் கொண்டு வந்தாங்க, காது விறைச்சு பின்னால போறது, கண்ணு சுருங்குறது, கண்ணுக்கு மேல இறுக்கம், தாடை சதை புடைக்கிறது, வாய் இறுகி மோவாய் துருத்துறது, மூக்குத் துவாரம் இழுத்துக்கிறதுன்னு ஆறு விஷயம். ஒரு தடவை இதைப் பாத்துப் பழகிட்டீங்கன்னா, "வலி எல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்ற பெரியவரோட தாடை தானா கண்ல படும்.

குழந்தைங்க விஷயத்துல இது ரொம்பவே முக்கியம். பீடியாட்ரிக் அசெஸ்மெண்ட் ட்ரையாங்கிள்னு படிச்சிருப்பீங்க, பாக்க எப்படி இருக்கு, மூச்சுக்கு எவ்வளவு கஷ்டப்படுது, தோல் கலர் எப்படி, மூணுமே தொடாம பாக்கற விஷயம்தான். அம்மா மடியில இருக்கும்போதே வாசல்ல நின்னு முடிச்சுடுங்க, ஸ்டெத்தோட கிட்ட போனா அழும், அழ ஆரம்பிச்சிடுச்சுன்னா நீங்க எண்ணுற மூச்சுக்கு அர்த்தமே இல்ல. பெரியவங்களுக்கும் மூச்சை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்கப்பா, வார்டுல இருக்கிற எல்லாருக்கும் எண்ணாமலே 18, 20ன்னே எழுதி வச்சிருக்கிற சார்ட்டைப் பாத்தா பத்திக்கிட்டு வருது. (மூச்சுக்குழாய் அடைச்சு நீலமா வர்றவர் கிட்ட இந்த நிதானம் எல்லாம் வேணாம், ஓடுங்க.)

அடுத்து கிட்ட போற முறை. குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும் கண்ணு தெரியாது, மத்தபடி சுத்தி எல்லாமே தெரியும். அதனால தோள்பட்டை பக்கமா சாய்வா, பேசிக்கிட்டே போங்க, முதல்ல கழுத்தையோ தோளையோ தொடுங்க, முகத்துல கை வைக்காதீங்க. பின்பக்கம் போகணும்னா ஒண்ணு உதை எட்டாத தூரத்துல சுத்திப் போங்க, இல்லேன்னா கையை முதுகுல வச்சபடியே ஒட்டி உரசிப் போங்க, ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறவனுக்குத்தான் உதை முழு வேகத்துல விழும். இப்ப கழுத்து அசையாம காலர் போட்டு மல்லாக்கப் படுக்க வச்ச ஆக்சிடெண்ட் கேஸை நினைச்சுப் பாருங்க. அவருக்குத் தெரியறது சீலிங் லைட் மட்டும்தான், பேச்சே இல்லாம யாரோ பேண்ட்டை கத்திரியால வெட்டுறாங்க. கழுத்தைத் திருப்பாமலே உங்க முகம் தெரியற இடத்துல நின்னு பேரைச் சொல்லுங்க, கை வைக்கிறதுக்கு முன்னாடி எங்க வைக்கப் போறீங்கன்னு சொல்லுங்க.

கத்தி கலாட்டா பண்ற பேஷண்ட்டுக்கு 2012ல அமெரிக்கால ப்ராஜெக்ட் பீட்டான்னு ஒரு கைட்லைன் போட்டாங்க, ரெண்டு கை நீளம் தள்ளி நில்லு, வெளிய போற வழியை மறைக்காத, ஒருத்தர் மட்டும் பேசுன்னு. இதையே லாயத்துல குதிரைக்காரர் ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லாம சொல்லித் தருவாரு. கயித்தை லேசா இழுப்பாரு, குதிரை ஒரு அடி முன்னால வச்ச அந்த செகண்டே தளர்த்திடுவாரு, இன்னொரு அடிக்கு ஆசைப்பட்டு இழுத்துக்கிட்டே இருக்க மாட்டாரு. அதே மாதிரி, கலாட்டா பண்ற பேஷண்ட் கட்டில்ல உக்காந்துட்டாருன்னா உடனே செக்யூரிட்டியை ஒரு அடி பின்னால போகச் சொல்லுங்க, தண்ணி வேணுமான்னு கேளுங்க. உக்காந்த பிறகும் நாலு பேர் சுத்தி நின்னா அவர் எதுக்கு உக்காரணும்?

ஹிஸ்டரி எடுக்கறதுக்கும், அதாவது பேஷண்ட் கிட்ட என்ன ஆச்சுன்னு விசாரிக்கிறதுக்கும், ஒரு குதிரைக் கதை இருக்கு. ஜெர்மனில ஹான்ஸ்னு ஒரு குதிரை, கணக்கு கேட்டா குளம்பைத் தட்டி விடை சொல்லும், ஊரே அசந்து போச்சு. 1907ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்னு ஒருத்தர் உக்காந்து ஆராய்ஞ்சு பாத்தா, கேக்கறவருக்கே விடை தெரியலேன்னா குதிரைக்கும் தெரியல. சரியான எண்ணு வந்ததும் கேக்கறவர் தன்னை அறியாம தலையை லேசா அசைக்கிறாரு, அதைப் பாத்து அது தட்டறதை நிறுத்திடுது. நாமளும் ஈசிஜியைப் பாத்துட்டு "வலி இடது கைக்குப் போகுதா?"ன்னு புருவத்தைத் தூக்கிக் கேப்போம், பேஷண்ட் "ஆமாங்க"ன்னுடுவாரு. "வலி எங்கெல்லாம் இருக்கு, காட்டுங்க"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கோங்க. அட்மிஷன் நோட்ல ஏற்கனவே யாரோ எழுதின டயக்னோசிஸைப் படிக்காம ஒரு தடவை நீங்களா கேட்டுப் பாருங்க, சில சமயம் கதையே வேற மாதிரி வரும்.

சைடுல ஒண்ணு, நாம பாம்புக்கடிக்கு ஏத்துற ஏஎஸ்விங்கிற விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்துலேருந்து எடுக்கறதுதான், ரியாக்‌ஷன் வந்தா போட அட்ரினலின் பக்கத்துல வச்சுக்கறதும் அந்த குதிரை ப்ரோட்டீனால. அந்த மரியாதைக்காவது ஒரு கேரட் வாங்கிட்டுப் போங்க, விரலை மடக்காம உள்ளங்கையை விரிச்சு நீட்டணும்.

போறப்ப செருப்பு வேணாம், நல்ல ஷூ போடுங்க. லாயத்து மண்ணுலயும் சாணத்துலயும் டெட்டனஸ் கிருமியோட ஸ்போர் (விதை மாதிரி) இருக்கும், கடைசியா ஊசி போட்டு பத்து வருஷம் தாண்டிடுச்சுன்னா போட்டுட்டுப் போங்க. கயித்தை கையில சுத்திக்காதீங்க, குதிரை மிரண்டா விரல் அதோட போயிடும். வயித்துல உதை வாங்கினா தூசியைத் தட்டிட்டு டூட்டிக்கு வந்துடாதீங்க, பேஷண்ட்டா வந்து படுங்க, அல்ட்ராசவுண்ட் பாத்துட்டு அது நார்மலா இருந்தாலும் சில மணி நேரம் அப்சர்வேஷன்ல இருங்க, மண்ணீரல் கிழிஞ்சது சில சமயம் லேட்டாத்தான் தெரியும்.