பழைய படமும் வரைபடமும் கொண்டு மட்டக்களப்பில் ஊர் பார்த்தல்

மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ விடுமுறையில் செல்பவர்கள், தம் பெற்றோர் வளர்ந்த தெரு முன்னர் எப்படியிருந்தது என்று அறிய விரும்பினால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தத் தேடலைத் தொடங்கிவிடுவது நல்லது. வீட்டிலுள்ள அல்பங்களே முதல் ஆவணம். படத்தில் நிற்பவர்களின் முகங்களைவிட, அவர்களுக்குப் பின்னால் தெரியும் வேலி, கிணற்றுக்கட்டு, கோயில் மண்டபம், கடையின் பெயர்ப்பலகை ஆகியவையே ஊரைத் தேடுவோருக்கு உதவும். படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ பேனையால் எழுதிய திகதியோ அங்கே இருக்கலாம். மூலப் படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, பெரிதாக அச்சிட்ட பிரதிகளை எடுத்துச் செல்லுங்கள். முதியவர்கள் கைப்பேசித் திரையைவிடக் கையில் கொடுத்த தாளையே நின்று நிதானமாகப் பார்ப்பார்கள்.

திகதியற்ற படத்தின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். கல்லடியில் பழைய இரும்புப் பாலம் மட்டும் தெரிந்தால், அது 2013 இல் புதிய பாலம் திறக்கப்படுவதற்கு முந்தியது. மண்முனைத் துறையில் மக்கள் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்கும் காட்சி, அங்கு 2014 இல் பாலம் வருவதற்கு முந்தியது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளியில் தென்னந்தோப்புகள் சரிந்தன, கூரைகள் பறந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடல்கோள் நாவலடி, டச்பார் முதல் பாண்டிருப்பு, காரைதீவு வரையான கரையோரத்தின் உருவத்தையே மாற்றியது. அத்தகைய இடங்களில் வீடு நின்றதற்குப் படத்தைத் தவிர வேறு சான்று இல்லாமலும் இருக்கலாம்.

வரைபடங்களில் பலரும் முதலில் நாடுவது ஒல்லாந்தர் காலத்தவற்றை. போர்த்துக்கேயர் 1628 இல் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர். அவர்கள் காலத்து இலங்கை வரைபடங்கள் பல ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. அவை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கோட்டையையும் வாவி முகத்தையும் காட்டுமளவுக்கு உங்கள் ஊரைக் காட்டமாட்டா. குடும்பத்தின் தடத்தைத் தேடுவோருக்கு நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடங்களும் (ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டுபவை) 1956 ஆம் ஆண்டின் வான்படங்களுமே பயன் மிக்கவை என்பது என் கருத்து. பழைய குளம், வண்டிப்பாதை, வயல்வெளி ஆகியவற்றை அவற்றில் பின்தொடரலாம். அம்பாறை 1961 இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பகுதியினர் அதற்கு முந்திய ஆவணங்களை மட்டக்களப்பு மாவட்டத்தின் கீழேயே தேடவேண்டும். அண்மைக்கால மாற்றங்களுக்கு, கணினியில் கூகுள் ஏர்த் செயலியைத் திறந்து ஆண்டுகளைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தாலே போதும்.

இங்கே ஒன்றை மறக்கவேண்டாம். இப்பகுதியில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்பிள்ளைகளுக்கே செல்வது நெடுங்கால வழக்கம். மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வருவான். குடி எனப்படும் குலப்பிரிவும் தாய்வழியே வரும். எனவே 'அப்பாவின் வீடு' என்று நீங்கள் கேட்டு வளர்ந்த வீடு உண்மையில் அப்பாவுடைய அம்மாவின் பெயரிலோ, அப்பாவின் அக்கா தங்கையரின் பெயரிலோ இருக்கலாம். காணிப் பதிவகத்திலும் பழைய உறுதிகளிலும் (காணி உரிமைப் பத்திரங்களிலும்) பெண்களின் பெயர்களைக் கொண்டு தேடுங்கள். உறுதியில் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருப்பதால், அயலவர் வளவு, ஒழுங்கை, வாய்க்கால் எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். நானறிய அதைவிட நுணுக்கமான வரைபடம் வேறில்லை.

ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் வரைபடமும் உறுதியுமாகத் தெருவில் நின்றால், காணி கேட்டு வந்திருக்கிறார் என்றே அயலார் நினைப்பார்கள். போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணில் அந்த அச்சம் நியாயமானதே. ஆதலால் உறுதியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஊரறிந்த உறவினர் ஒருவருடன் சென்று, முதலில் படத்தைக் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள். படத்திலுள்ளவர்களில் சிலர் கொல்லப்பட்டிருக்கலாம், காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம். 'இவர் இப்போது எங்கே?' என்று எடுத்தவுடன் கேட்காமல், அவர்களாகவே சொல்லும்வரை காத்திருங்கள்.

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் நடைபெறும் நாட்கள் இதற்கு மிக ஏற்றவை. வெளியூர்களில் வாழும் பெரியவர்களும் அப்போது ஊர் திரும்புவார்கள். மாரி மழைக்காலத்தில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாதைகளில் வெள்ளம் நிற்கலாம். இராணுவ முகாம்களைப் படமெடுக்கவேண்டாம். ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி கட்டாயம்.

முதியவர் சொல்லும் பெயர்களையும் இடங்களையும் அந்த அச்சுப் பிரதியின் ஓரத்திலேயே, சொன்னவர் யார், எந்த நாள் என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டுப் படங்களைப் பிரதியெடுக்க அனுமதித்தால் அங்கேயே எடுத்துவிட்டு மூலத்தை உடனே திருப்பிக் கொடுங்கள். இணையத்தில் இடுவதற்குத் தனியாகக் கேளுங்கள்.