விரல் தடுமாறியவர் எல்லாம் திருடர் அல்ல

அல்சூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்குக் கடந்த ஆண்டு வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் வங்கிச் செயலியைத் திறந்தார். கடவுச்சொல் சரி, ஓடிபியும் சரி. ஆனாலும் கணக்கு முடங்கியது. தட்டும் விதம் வழக்கம்போல இல்லை என்று கிளையில் காரணம் சொன்னார்கள். மூன்று நாள் அலைந்தார். பெங்களூருவில் கணினிப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் எனக்கு அந்த வலி இன்னும் ஆறவில்லை.

ஒரு விசையை எவ்வளவு நேரம் அழுத்துகிறோம், அடுத்ததற்குப் போக எத்தனை மில்லி விநாடி எடுக்கிறோம், திரையை எப்படித் தள்ளுகிறோம் என்பதை வைத்து ஆளை அறியும் முறை இது. புள்ளியும் கோடுமாக மோர்ஸ் குறியீட்டைத் தட்டும் தாளத்திலேயே எதிர்முனையில் இருப்பவரைத் தந்தி ஊழியர்கள் கண்டுகொண்டார்களே, அதே நுட்பம்தான்.

செயலியை உருவாக்கும் குழுக்கள் இதைப் பூட்டாகப் பயன்படுத்துவதே முதல் தவறு. இது சந்தேகத்தை அளக்கும் கருவி. தாளம் மாறினால் இன்னொரு சான்று கேளுங்கள்; கதவைச் சாத்தாதீர்கள். இருப்புத் தொகையைப் பார்ப்பவருக்கும் புதிய கணக்குக்குப் பெருந்தொகை அனுப்புபவருக்கும் ஒரே கண்டிப்பு கூடாது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளும் பயனரின் நடத்தையைப் பார்ப்பதை, இரண்டு காரணிச் சரிபார்ப்புக்கு (கடவுச்சொல், ஓடிபி போல இரண்டு சான்று கேட்பது) மேலான கூடுதல் சோதனையாகத்தான் வைக்கின்றன. தவறாகத் தடுக்கப்பட்டவர் சில நிமிடங்களில் திரும்பிவர ஒரு வழியும் வேண்டும். பல குழுக்கள் அதைக் கடைசியில்தான் யோசிக்கின்றன.

அடுத்தது, ஆங்கிலத் தட்டச்சை மட்டும் வைத்துக் கருவியைப் பழக்குவது. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். கைகள் மாறி மாறி இயங்கும், தாளமே வேறு. அதே ஆள் தமிழுக்கு மாறினால் கருவிக்கு அவர் அந்நியர். வெளிவட்டச் சாலையில் பஸ்ஸில் நின்றபடி தட்டுவதையும் சோதித்துப் பாருங்கள்.

தாளம் பொருந்தினால் ஆபத்தில்லை என்று நம்புவதும் பிழை. போலீஸ் என்று பொய் சொல்லி அழைப்பில் பேசும் மோசடிக்காரர்களால் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டப்படுபவர் தம் கையாலேயே பணம் அனுப்புகிறார். அழைப்பு நீடிக்கிறதா, திரைப் பகிர்வு ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தட்டிய எழுத்துகளைச் சேமிக்கவே சேமிக்காதீர்கள். நேர இடைவெளி போதும். என்ன சேகரிக்கிறோம் என்பதைப் பயனரிடம் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள்.

புதிய கைபேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ யாராவது நுழைந்தால், அவர் யார் என்று உறுதியாகும்வரை பழக்கத்தைக் கற்பதை நிறுத்திவையுங்கள். இல்லையென்றால் திருடனின் தாளமே உரிமையாளரின் தாளமாகப் பதிந்துவிடும்.