அப்பாவா, தாதாவா? பையன் தடுமாறும் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பக்கம் உழைத்துச் சாப்பிடும் அப்பா, இன்னொரு பக்கம் ஏரியாவே பயப்படும் தாதா, நடுவில் ஒரு பையன். இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கதை எழுத உட்காருகிறவர்கள் ஏராளம். வரி நல்ல வரிதான், தப்பே இல்லை. ஆனால் எழுதி முடித்ததை வாங்கிப் படித்தால் பத்தாவது பக்கத்திலேயே பையன் கடைசியில் யார் பக்கம் நிற்பான் என்று தெரிந்துபோகிறது. அப்பா சரி, தாதா தப்பு என்று எழுதியவர் எப்போதோ முடிவு பண்ணிவிட்டார், படிக்கிற நமக்கும் தெரிந்துவிட்டது, பையன் மட்டும் இன்னும் நூறு பக்கத்துக்கு யோசித்துக்கொண்டே இருக்கிறான். தடுமாற்றத்தைப் பற்றிய கதையில் எழுதுகிறவருக்குத் தடுமாற்றமே இல்லை என்றால் எப்படி?

இருப்பதிலேயே பெரிய தவறு, அப்பாவைச் சாமியாக்கி வைப்பது. வாயைத் திறந்தால் நேர்மை, உழைப்பு, மானம். கோபப்பட மாட்டார், பொய் சொல்ல மாட்டார், கடன் கேட்டு யாரிடமும் போய் நிற்க மாட்டார். இப்படி ஒருவரைப் பையன் மதிப்பான், சரி. ஆனால் அவரை மாதிரி ஆக வேண்டும் என்று ஆசைப்படுவானா? அவர் எங்கேயாவது தப்பு செய்ய வேண்டும், அதுவும் தாதா சரியாக இருக்கும் அதே விஷயத்தில்.

1993-ல் வந்த 'எ பிராங்க்ஸ் டேல்' என்ற அமெரிக்கப் படம் இதற்கு நல்ல பாடம். சாஸ் பால்மிந்தெரி தன் சிறுவயதை வைத்து, எல்லா வேடத்தையும் தானே ஏற்று மேடையில் நடித்த நாடகமாகத்தான் முதலில் அது இருந்தது. அதைத்தான் ராபர்ட் டி நீரோ தன் முதல் படமாக இயக்கினார். பஸ் டிரைவர் அப்பா லொரென்சோவாக அவரே நடித்தார், தாதா சன்னியாக பால்மிந்தெரி. கதை நடப்பது 1960-களின் நியூயார்க்கில், இத்தாலியர்கள் வாழும் ஒரு பகுதியில். பதினேழு வயதில் மகன் கலோஜெரோவுக்கு ஒரு கறுப்பினப் பெண்மேல் விருப்பம் வருகிறது. நேர்மையான அப்பா, வாழ்க்கை முழுக்க ஒரு பைசா தப்பாக வாங்காத அப்பா, அங்கே முகம் சுளிக்கிறார், அவரவர் கூட்டத்துக்குள் இருப்பதே நல்லது என்கிற மாதிரிப் பேசுகிறார். உன் மனசுக்குப் பிடித்ததைச் செய், ஊர் என்ன சொன்னால் என்ன என்று சொல்வது கொலைகாரனான சன்னி. இந்த ஒரு இடம் போதும், பார்க்கிற நமக்கும் குழம்பிவிடுகிறது. பையன் எதற்காக அந்த ஆள் பின்னால் போகிறான் என்று தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

அதே படத்தில் அதற்கும் முன்னால் இன்னொரு காட்சி. ஒன்பது வயதில் அந்தப் பையன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கும்போது சன்னி ஒருவனைச் சுட்டுக் கொல்வதைப் பார்க்கிறான். போலீஸ் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து இவனா, இவனா என்று கேட்கிறது. சன்னி முன்னால் வந்ததும் பையன் இல்லை என்கிறான். அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அவருக்கு உண்மை தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் நான் செய்தது நல்லதுதானே என்று பையன் கேட்கும்போது, ஆமாம், கெட்டவனுக்காகச் செய்த நல்லது என்று சொல்லிச் சமாளிக்கிறார். சராசரி ஆள் எழுதியிருந்தால் அப்பா அங்கே உண்மையைச் சொல்லச்சொல்லி ஒரு பக்கம் வசனம் பேசியிருப்பார். இங்கே அப்பாவே பயந்து அந்தப் பொய்யில் பங்காளி ஆகிறார். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது, காட்டிக்கொடுத்தால் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. அதனால் பின்னால் அவர் எவ்வளவு நியாயம் பேசினாலும் மகனுக்குள் ஒரு மூலையில் அந்த நாள் இருக்கும்.

அடுத்த தவறு, பையனை இழுப்பது பணமும் பைக்கும் துப்பாக்கியும்தான் என்று எழுதுவது. பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பணத்துக்காகப் போகிறவனை நாம் வெளியில் நின்று வேடிக்கை பார்ப்போம், மதிப்புக்காகப் போகிறவன் கூடவே நாமும் போய்விடுவோம். அப்பாவால் கொடுக்க முடியாத ஒன்றைத் தாதா கொடுக்க வேண்டும், பெரும்பாலும் அது நேரமும் கவனமும்தான். ஒரு சீன் யோசித்துப் பாருங்கள். தாதா பத்துப் பேருக்கு நடுவில் ஏதோ கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறான், பையன் கதவோரம் நிற்கிறான். பேச்சை நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பி, "தம்பி, நீ என்ன நினைக்கிற?" என்று கேட்கிறான். பையன் என்னவோ உளறுகிறான். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் தாதா சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் இரண்டு ஷிப்ட் வேலை முடித்துவிட்டு வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமலே "போய்ப் படி" என்கிறார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பையன் போய்விட்டான்.

இந்தக் கவர்ச்சி உடைகிற இடமும் இதே இடமாகத்தான் இருக்க வேண்டும், இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். தாதா கொலைகாரன் என்று பையனுக்கு 'தெரியவரும்' சீன் எழுதுவார்கள். அட, அவன் கொலைகாரன் என்பது ஏரியாவுக்கே தெரியும், பையனுக்குத் தெரியாதா? உண்மையில் அடி எங்கே விழும் என்று ஸ்டீவன்சன் 1883-ல் புத்தகமாக வந்த 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலில் காட்டிவிட்டார். ஜிம் என்ற பையன், அப்பா கதையின் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறார். கப்பலின் ஒற்றைக்கால் சமையல்காரன் ஜான் சில்வர் அவனைப் பெரிய மனுஷன் மாதிரி நடத்துகிறான், நீ கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுக்கிறான். ஒரு நாள் ஆப்பிள் பீப்பாய்க்குள் உட்கார்ந்திருக்கும் ஜிம், தன்னிடம் சொன்ன அதே புகழ்ச்சியைச் சில்வர் இன்னொரு இளைஞனிடம் அப்படியே சொல்வதைக் கேட்டுவிடுகிறான். கப்பலைக் கைப்பற்றும் சதி ஒரு பக்கம் இருக்கட்டும், பீப்பாய்க்குள் இருந்தபடியே அந்த ஆளைக் கொன்றுவிடலாமா என்று அவனுக்குத் தோன்றுவது அந்த வார்த்தைகளைக் கேட்டதும்தான். நான் மட்டும் ஸ்பெஷல் இல்லையா! இத்தனை வருஷம் ஆகியும் இதைத் தாண்டிய ஒரு சீனை நான் பார்க்கவில்லை.

பையனைச் சும்மா நிற்கவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. அப்பா பேசுகிறார், கேட்கிறான். தாதா பேசுகிறான், கேட்கிறான். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறான். இடைவேளை வந்துவிடும், அவனாக ஒரு காரியமும் செய்திருக்க மாட்டான். இந்தக் கதையில் பையனின் கையிலும் அழுக்குப் படவேண்டும், அதனால் யாராவது ஒருவருக்கு நஷ்டம் வரவேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கும்பலுக்குள் இழுப்பது எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே எழுத நிறைய கிடைக்கும். முதல் நாளே யாரும் கத்தியைக் கொடுப்பதில்லை. தெருமுனையில் நில், போலீஸ் வண்டி வந்தால் விசில் அடி. அப்புறம், இந்தக் கவரைக் கொண்டுபோய் அந்த அண்ணனிடம் கொடு. சின்னப் பையன் மேல் சந்தேகம் வராது, மாட்டினாலும் பல நாடுகளில் சிறுவர்களுக்குத் தண்டனை குறைவு, இதெல்லாம் அனுப்புகிறவனுக்குத் தெரியும். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, அதனால் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டினோம் என்பதே பையனுக்குத் தெரியாது. அந்தக் கவருக்குள் என்ன என்று அவன் நினைத்துப்பார்த்துவிட்டு, பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுக்கிறான் பாருங்கள், அவனுடைய முதல் குற்றம் அதுதான். துப்பாக்கியைத் தூக்கும் சீனுக்கு நீங்கள் போடும் பில்டப்பில் பாதியை இதற்குப் போடுங்கள்.

பையன் இல்லாத அறைக்குள் கேமரா போவதும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு கும்பல் தலைவர்களின் பேச்சுவார்த்தை, அரசியல்வாதியின் போன், போலீஸ் அதிகாரியின் மேஜை என்று கதை விரிந்துகொண்டே போகும், பையனை நாற்பது நிமிஷம் காணவே காணோம். அது தாதா படம். எழுதுங்கள், ஆனால் அது வேறு படம். இங்கே பையனுக்குத் தெரிவது மூடிய கதவு, உள்ளே உயரும் குரல், வெளியே வருகிறவன் கையில் சுற்றியிருக்கும் துணி, அவ்வளவுதான். மிச்சத்தை அவன் தப்பாக ஊகிக்கட்டும். 'எ பிராங்க்ஸ் டேல்' படத்தில் அந்த முதல் கொலை கார் நிறுத்தும் இடத்துக்காக நடந்தது என்றே கலோஜெரோ எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறான், வேறு காரணம் இருந்தது என்று படம் முடியப்போகும் நேரத்தில்தான் தெரிகிறது.

பையன் மாறிவிட்டான் என்பதை வசனத்தில் சொல்லவே சொல்லாதீர்கள். "நீ முன்ன மாதிரி இல்லடா" என்று அம்மாவோ நண்பனோ சொன்னால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். 2016-ல் வந்த 'மூன்லைட்' மூன்று பாகமாக, ஒருவனின் சிறுவயது, பதின்வயது, இளைஞன் பருவம் என்று போகிறது. முதல் பாகத்தில் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்து, சாப்பாடு போட்டு, அப்பா மாதிரி நடந்துகொள்வது ஹுவான் என்ற போதைமருந்து வியாபாரி. மூன்றாம் பாகத்தில் அவனே வளர்ந்து அதே தொழிலில் இருக்கிறான், அவன் கார் டேஷ்போர்டில் ஹுவானின் காரில் இருந்த மாதிரியே ஒரு கிரீடம். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிள்ளைகள் காப்பியடிப்பது கொள்கையை இல்லை, நடையை, வாட்ச் கட்டும் கையை, சிகரெட்டை அணைக்கும் விதத்தை. உங்கள் தாதாவுக்கு அப்படி ஒரு பழக்கம்கூட இல்லை என்றால் பையன் எதைக் காப்பியடிப்பான்?

சில்லறைத் தவறுகள் சிலதையும் சொல்லிவிடுகிறேன். வாய்ஸ் ஓவரில் நாற்பது வயசு ஆளின் ஞானத்தைப் பத்து வயசுப் பையன் சீன் மேல் ஊற்றாதீர்கள். அம்மாவை அழுவதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள், வீட்டுக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவரும், சில சமயம் கண்டும் காணாமல் விடுபவரும் அவராகத்தான் இருப்பார். முதல் ரத்தத்தை ஸ்லோமோஷனில் ஸ்டைலாகக் காட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வன்முறை தப்பு என்று சொன்னால் ஒருவரும் நம்பப்போவதில்லை.

முடிவுக்கு வருவோம். பெரும்பாலான பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், என்ன செய்வதென்று தெரியாமல் தாதாவைக் கொன்றுவிடுகிறார்கள். குண்டு பாய்கிறது, பையன் அழுகிறான், அப்பா தோளில் கை வைக்கிறார், இருவரும் நடந்துபோகிறார்கள். பையன் யாரைத் தேர்ந்தெடுத்தான்? யாரையும் இல்லை, மிச்சமிருந்தது ஒருவர்தான். சாவு வரக்கூடாது என்று சொல்லவில்லை. சன்னியும்தான் சாகிறான், 1960-ல் அவன் கொன்றவனுடைய மகன் வந்து சுட்டுவிடுகிறான். ஆனால் அதற்குள் சன்னி பையனுக்கு இன்னொன்று செய்து முடித்திருக்கிறான். கலோஜெரோவின் நண்பர்கள் தீ வைக்கக் கிளம்பிய காரிலிருந்து அவனை இறக்கிவிட்டது சன்னிதான், போனவர்கள் திரும்பவே இல்லை. அப்புறம் இறுதிச் சடங்குக்கு அந்த அப்பா வருகிறார், மகனை இவ்வளவு சீக்கிரம் பெரியவனாக்கிவிட்டாயே என்ற கோபத்தை வைத்துக்கொண்டே, மகன் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறார். சாவு அங்கே எதையும் முடித்துவைக்கவில்லை, எட்டு வருஷமாக இருந்த கணக்கை இன்னும் சிக்கலாக்கிவிட்டுப் போகிறது.

உங்கள் திரைக்கதையை எடுத்து, கடைசியில் வரும் அந்தக் கொலையை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் தாதா உயிரோடு, அதே இடத்தில், அதே சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறான், பையன் அந்த வழியாகத்தான் போகவேண்டும். அவன் நிற்பானா, போவானா என்று உங்களுக்குப் பதில் தெரிந்தால் கொலையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் பிரச்சினை கிளைமாக்ஸில் இல்லை, அந்தக் கவர் சீனுக்கே திரும்பிப் போகவேண்டும். இதையெல்லாம் சரிபண்ணிக்கொண்டு போனாலும் தயாரிப்பாளர் கடைசியில் ஒரு ஃபைட் வேண்டும் என்பார், அது தனிப் பஞ்சாயத்து.