பெருங்காயம்: 'இயற்கைதானே' என்று கோட்டைவிடும் இடங்கள்

பெருங்காயம் நல்லதா கெட்டதா என்று கேட்பவர்கள் செய்யும் முதல் தவறு, எந்தப் பெருங்காயம் என்று பார்க்காததுதான். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் வளரும் ஃபெரூலா செடியின் வேரைக் கீறிவிட்டால் பால் வடிந்து இறுகும். அதுதான் அசல் பிசின். நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அதோடு மைதா அல்லது அரிசி மாவும் கோந்தும் கலந்த கூட்டுப் பெருங்காயம். கலப்படம் அல்ல, விதி அனுமதிக்கும் கலவைதான். பிசினின் பங்கைக் காட்டும், ஆல்கஹாலில் கரையும் சாறு குறைந்தது 5 சதவீதம் இருந்தால் போதும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.

கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர் சப்பாத்தியை ஒதுக்கிவிட்டு சாம்பாரில் மாட்டிக்கொள்வது இதனால்தான். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் கோதுமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது அந்தக் கரண்டிச் சோதனை. கரண்டியில் வைத்துக் கொளுத்தினால் கற்பூரம் மாதிரி எரிய வேண்டும், எரியாவிட்டால் போலி என்பார்கள். அது பிசினுக்குச் சொன்னது. மாவு கலந்த தூள் கருகிப் புகையத்தான் செய்யும், அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தலைகீழாகவும் ஏமாறலாம்: பெருங்காயத்தில் சேர்க்கவே கூடாது என்று விதி தடுத்திருக்கும் பைன் மரப் பிசினும் ஜம்மென்று எரியும். தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் மண்ணோ மாக்கல் தூளோ அடியில் தங்குவது தெரியும், அவ்வளவுதான். ஈயம் இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது அளவை மறப்பது. அமெரிக்காவில்கூடப் பெருங்காயம் பாதுகாப்பான பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்று மணத்துக்காகச் சேர்க்கும் அளவுக்கு மட்டும். ரசத்தில் ஒரு சிட்டிகை போடலாம் என்பதை வைத்துக்கொண்டு, வாயுவுக்கு நல்லது என்று தினமும் வெந்நீரில் ஸ்பூன் கணக்கில் கரைத்துக் குடிப்பதும், மாத்திரையாக விழுங்குவதும் வேறு கதை. இந்தப் பிசினில் கூமரின் வகைச் சேர்மங்கள் உண்டு; அந்த வகையில் சில ரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடியவை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருந்தளவில் எடுப்பதற்கு முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். சாம்பாரை நிறுத்த வேண்டியதில்லை. ஃபெரூலா என்றாலே சாது என்றும் நினைக்காதீர்கள்: இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியை மேய்ந்து, இத்தாலியின் சார்டினியா தீவில் ஆடுகள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்திருக்கின்றன.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கறார். வயிறு உப்பி அழும் பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றி இழைத்துப் பூசுவது நம் வழக்கம். கொடி விழுந்து புண் ஆறியிருந்தால் அதைப் பற்றி நான் பேசவில்லை. வாயில் புகட்டுவதுதான் ஆபத்து. 1984-இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், கிளிசரினில் கலந்த பெருங்காயம் கொடுக்கப்பட்ட ஐந்து வாரக் குழந்தைக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத நிலை வந்ததும், மெத்திலீன் நீலம் என்ற மருந்தை ஏற்றிக் காப்பாற்றியதும் பதிவாகியிருக்கிறது. சிசுவின் ஹீமோகுளோபின் சுலபத்தில் மாற்றமடையும், அதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதியும் அந்த வயதில் குறைவு. மருந்து ஏதாவது புகட்டிய பின் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்ந்தால், பாட்டி வைத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன கொடுத்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.