சித்தன்னவாசலில் கல்வெட்டை நிஜமாகவே பார்ப்பது எப்படி? (முதல் தடவை போகிறவர்களுக்கு)

பழைய சமணக் குகைகளும் ஓவியமும் இருக்கிற சித்தன்னவாசல் மலை புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான். அன்னவாசல் பக்கம் போகிற பேருந்தில் ஏறி, சித்தன்னவாசல் பிரிவில் இறக்கிவிடச் சொன்னால் இறக்கிவிடுவார்கள். அதற்கு மேல் வழி கேட்டே போய்விடலாம், அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. நான் இரண்டு தடவை போயும் எது கண்ணில் படாமல் திரும்பி வந்தேனோ, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் தடவை ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். இங்கே பார்க்க வேண்டிய குகைகள் இரண்டு, இரண்டுக்கும் ஏறும் வழி தனித்தனி என்பதே அன்றைக்குத் தெரியாது. இரண்டாவது தடவை மச்சானோடு, வைகாசி வெயிலில், பகல் ஒரு மணிக்கு மலை ஏறினோம். சமணர் படுக்கைகள், அதாவது சமணத் துறவிகளுக்காகப் பாறையில் செதுக்கிய படுக்கைகள், இருந்தன. கல்வெட்டு மட்டும் எங்களுக்குத் தெரியவேயில்லை. "இதுக்காடா என்னைக் கூட்டிட்டு வந்த?" என்று மச்சான் இன்றைக்கும் கேட்கிறார்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. போகும் முன் மூன்று எழுத்து கற்றுக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் போகாதீர்கள், பிறகு என்னைத் திட்டுவீர்கள். அங்கே இருப்பது தமிழ்-பிராமி, அதாவது அந்தக் காலத்தில் தமிழை எழுதிய பழைய எழுத்து. முழுசாகப் படிக்க வேண்டியதில்லை, மூன்று எழுத்து போதும். 'எ' ஒரு முக்கோணம். 'க' கூட்டல் குறி. 'ந' என்றால் அடியில் ஒரு படுக்கைக் கோடு, அதன் நடுவில் ஒரு குச்சியை நட்டு வைத்த மாதிரி. கல்வெட்டு 'எருமிநாடு' என்று தொடங்குகிறது. ஆகவே முக்கோணத்தைப் பிடித்துவிட்டால் வரியின் தலையைப் பிடித்தாயிற்று.

2. ஏழடிப்பட்டம் காலையில், அறிவர் கோயில் மாலையில்

மலை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. ஏழடிப்பட்டம் என்கிற இயற்கைக் குகை கிழக்குச் சரிவில் இருக்கிறது. ஓவியம் இருக்கும் அறிவர் கோயில் மேற்கே பார்த்த குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில். காலையில் எதற்கு வெளிச்சம் கிடைக்கும், மாலையில் எதற்குக் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் ஓவியம்தான் பேர் பெற்றது, அதை முதலில் பார்த்துவிட்டு வெயில் உச்சிக்கு வந்த பிறகு மலை ஏறுகிறார்கள். பாறை அப்போது தோசைக்கல் மாதிரி இருக்கும். தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் ஏறாதீர்கள்.

3. ஏறுவது

மேற்கு அடிவாரத்திலிருந்து படி ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் "ஒண்ணுமே இல்லையே" என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அங்கே நிற்காதீர்கள். மறுபக்கம், கிழக்கே இறங்க வேண்டும். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டே போனால் பாறையில் காலை ஊன்றுவதற்காக வெட்டிய குழிகள் தென்படும். அந்த ஏழு அடிகள்தான் குகைக்குப் பெயர் கொடுத்தவை. செருப்பு வேண்டாம், ரப்பர் அடி உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: குகைக்கு முன்னால் இரும்புக் கம்பி அடைப்பு உண்டு. மூன்றாவது தடவை நான் போனபோது அது பூட்டியிருந்தது, சாவி கீழே. ஆகவே ஏறும் முன்பே காவலாளி ஐயாவிடம் "மேலே திறந்திருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள், முழங்கால் வாழ்த்தும்.

4. எழுத்தைக் கண்டுபிடிப்பது (இங்கேதான் நான் சறுக்கினேன்)

உள்ளே வழவழவென்று செதுக்கிய 17 படுக்கைகள், தலைமாட்டில் கல்லாலேயே தலையணை. எல்லாவற்றிலும் பெரிய படுக்கை எது என்று பாருங்கள், பழைய கல்வெட்டு அதில்தான். கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காக, சிறுபோசில் என்ற ஊரைச் சேர்ந்த இளயர் செய்து கொடுத்த இருக்கை என்பது விஷயம்.

நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. வெட்டு ஆழமில்லை, கல்லும் எழுத்தும் ஒரே நிறம். நாங்கள் என்ன செய்தோம் என்றால் செல்போன் டார்ச்சை நேர் மேலே பிடித்தோம், வெளிச்சம் பள்ளத்துக்குள்ளும் சமமாக விழுந்து இருந்த கொஞ்ச நிழலையும் அழித்துவிட்டது. டார்ச்சைக் கல்லின் மட்டம் வரைக்கும் இறக்கி, கை நீட்டும் தூரத்தில் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போகிற மாதிரி பிடியுங்கள். அப்படியே மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஒரு கோணத்தில் ஒன்றும் இருக்காது, நாலு விரல் தள்ளினால் திடுக்கென்று ஒரு முக்கோணம் நிழலாக எழும்பும். அந்த நொடிக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் மலை ஏறலாம்.

படம் எடுப்பவர்களுக்கு: போனில் கேமராவும் விளக்கும் ஒட்டியே இருப்பதால் அதே போனின் வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்து விழாது. ஒருவர் விளக்கு பிடிக்க, இன்னொருவர் எடுக்க வேண்டும். தலையில் மாட்டும் விளக்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன், அதுவும் நேர்வெளிச்சம்தான். ஒடுங்கிய கதிர் விழும் சின்னக் கை டார்ச் போதும். தயவுசெய்து சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதையும் எழுத்தின் மேல் பூசாதீர்கள்.

மற்ற படுக்கைகளையும் இதே மாதிரி பாருங்கள். பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் பெயர்கள், திருநீலன், திருப்பூரணன் என்றெல்லாம் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே நம் காலத்துக் காதலர்களும் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். வயிறு எரியும்.

5. அறிவர் கோயில்

வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்ததும் ஓவியம் மங்கலாகத்தான் தெரியும். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். அப்புறம் கூரையில் தாமரைக் குளம் ஒவ்வொன்றாக வெளியே வரும்: மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கிற மனிதர்கள். தூண்களில் ஆடும் பெண்கள், மிகவும் மங்கிவிட்டார்கள். அண்ணாந்தே நின்றால் கழுத்து பிடித்துக்கொள்ளும், நான் ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கிடையாகப் பிடித்துக் குனிந்து பார்ப்பேன். பிளாஷ் கூடவே கூடாது. கருவறைக்குள் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுங்கள், அறை முழுக்க ரீங்காரம் எழும். வெளியே பாறையில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது, 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்வது.

பின்சேர்க்கை: பெரியவர்களைக் கூட்டிப் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அறிவர் கோயிலுக்குத் தாராளமாக, கொஞ்சம் படிதான். ஏழடிப்பட்டம் முட்டிவலிக்காரர்களுக்கு வேண்டாம்.

இன்னொரு பின்சேர்க்கை: இதே வெளிச்சக் கணக்கை, புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கிற நார்த்தாமலையிலும் போட்டுப் பார்த்ததாக ஒரு நண்பர் எழுதினார். சரியாகவே பொருந்துகிறது. அங்கே விஜயாலய சோழீச்சுரம் என்கிற கோயில் மேற்கு பார்த்தது, அதற்கு எதிரே உள்ள குடைவரைகள் கிழக்கு பார்த்தவை. சமணர் குடகு என்று சொல்லப்படும் குகையில் வரிசையாகப் பன்னிரண்டு விஷ்ணுக்கள் நிற்கிறார்கள், காலையில் போனால்தான் ஒருவருக்கொருவர் வித்தியாசம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். நான் தேடினேன், ஏழாவது ஆளோடு எண்ணிக்கை குழம்பிவிட்டது.