மலக்குடல் அறுவைக்குப் பின்: மாத்திரையை எப்போது போடுவது?

மலத்தைத் தேக்கி வைக்கும் பை போன்ற பகுதியான மலக்குடலை எடுத்துவிடுவதால்தான், ஒருமுறை போய் வந்த அரை மணிக்குள் மறுபடி, மறுபடி அவசரமாக வருகிறது. பலர் செய்யும் தவறு, நாலு தடவை போன பிறகு, குடல் வேகத்தைக் குறைக்கும் லோபரமைடு மாத்திரையைப் போடுவது. குடல் வேகமெடுப்பது சாப்பிட்டவுடன்; அதனால் மருத்துவர் அனுமதித்திருந்தால் 2 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடுங்கள். காலையில்தான் தொல்லை அதிகம் என்றால் காலை உணவுக்கு முன் ஒன்றில் தொடங்கலாம். இரண்டு நாள் மலமே வராவிட்டால் அளவு கூடிவிட்டது. காய்ச்சல், மலத்தில் ரத்தம், வயிறு உப்புசம் இருந்தால் போடவே கூடாது, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மலம் தண்ணீராகவோ துண்டு துண்டாகவோ போனால் இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி ஒரு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து கெட்டியாகும் முன் குடித்துவிட வேண்டும். முதல் வாரம் வாயு கூடும், பயப்பட வேண்டாம்.

தோல் புண்ணாவது சின்ன விஷயமில்லை. காகிதத்தால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, துத்தநாக ஆக்ஸைடு களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வருடமாக வீட்டைவிட்டு வெளியேற முடியவில்லையா? ஆசனவாய் வழியாகத் தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதை அவர்கள் கற்றுத்தர வேண்டும், தானாக முயலக் கூடாது.