நியூயார்க் ஹைஸ்கூல் விண்ணப்பம்: பட்டியலில் நாமே வைத்துக்கொள்ளும் சூனியம்

அக்டோபர் பிறந்துவிட்டால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேண்டீனில் தோசைக்கு நிற்கும்போதுகூட இந்தப் பேச்சு காதில் விழும்: "லிஸ்ட்ல முதல்ல எதைப் போட்டீங்க?" எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் டிசம்பர் தொடக்கம் வரை இதே கவலைதான். நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்குப் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட முடியாது. நானூறுக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் வேண்டியதைத் தேடி, 'மைஸ்கூல்ஸ்' தளத்தில் விருப்ப வரிசைப்படி அடுக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

அந்த அடுக்குவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. பையனுக்கு டவுன்சென்ட் ஹாரிஸ் என்ற பள்ளி மேல் ஆசை. வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "அங்கே கிடைக்கிறது கஷ்டம். அதை முதலில் போட்டு இடத்தை வீணாக்காதே, கிடைக்கிற பள்ளியை முதலில் போடு." கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் தவறு. முதல் இடத்தில் போட்ட பள்ளியில் இடம் இல்லையென்றால், கம்ப்யூட்டர் இரண்டாவதுக்குப் போகும். அங்கே, அதையே முதலில் எழுதிய பிள்ளைகளுக்குச் சமமாகத்தான் உங்கள் பிள்ளையும் நிற்பான். முந்தி எழுதியவருக்கு முன்னுரிமை கிடையாது. எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் 'கிடைக்கிற பள்ளியை' முதலில் போட்டு அது கிடைத்துவிட்டால், கதை அங்கேயே முடிந்தது. கீழே எழுதிய டவுன்சென்ட் ஹாரிஸை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

'கிடைக்கிறதை முதலில் போடு' என்ற யோசனை வானத்திலிருந்து விழவில்லை. பழைய முறையில் ஐந்து பள்ளிகள்தான் எழுதலாம். முதலில் எழுதியவரையே எடுப்போம் என்று சில பள்ளிகள் சொன்னதும் உண்டு. அப்போது தந்திரம் தேவைப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 30,000 பிள்ளைகள் தாங்கள் எழுதாத பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆல்வின் ராத் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் வடிவமைத்த இப்போதைய முறை 2003-இல் வந்தது. ராத் 2012-இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். நம் அங்கிள்மார்களின் அறிவுரை மட்டும் 2002-இலேயே நிற்கிறது.

அடுத்தது ரேண்டம் நம்பர், அதாவது சமமாக நிற்கும் பிள்ளைகளில் யாருக்கு முதலில் இடம் என்று முடிவுசெய்யும் குலுக்கல் எண். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளச் சரம் தருவார்கள். முதல் எழுத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: 0-வில் தொடங்கினால் யோகம், எஃப்-இல் தொடங்கினால் வரிசையின் கடைசி. மோசமான நம்பர் வந்ததும் ஆசை வரிசையைக் கலைத்துப்போடுகிறார்கள். கலைக்காதீர்கள். வரிசை அப்படியே இருக்கட்டும். அடியில் இன்னும் நாலைந்து, போட்டி குறைந்தவையாகப் பார்த்துச் சேருங்கள். ஒரே பள்ளியில் இரண்டு மூன்று பாடத்திட்டப் பிரிவுகள் இருந்தால் ஒவ்வொன்றும் தனி வரி, தனிப் போட்டி. இதைக் கவனிக்காதவர்கள் நிறைய.

சரி, ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் போன்ற எட்டு சிறப்புப் பள்ளிகள்? அது வேறு கணக்கு. எஸ்எச்எஸ்ஏடி என்ற ஒரே தேர்வு. ஏழாம் வகுப்பு மார்க் எதுவும் செல்லாது. 1971-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமே அப்படி. நம்மூர் இன்ஜினியரிங் கவுன்சிலிங் தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: அதிக மதிப்பெண் எடுத்தவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சம் அடுத்தவருக்கு. ஸ்டைவசன்டை முதலில் எழுதியதால் பிராங்ஸ் சயின்ஸ் கைநழுவாது.

கிட்டத்தட்ட 26,000 பேர் எழுதி 4,000 பேருக்குத்தான் இடம். அப்படியிருந்தும் இரண்டு வருஷம் கோச்சிங் அனுப்பிவிட்டு, மற்றப் பள்ளிகளின் பட்டியலை ஏனோதானோவென்று கடைசி இரவில் நிரப்பும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு மார்க்கை இதற்காகக் கோட்டைவிடுவது அதைவிட மோசம். டவுன்சென்ட் ஹாரிஸ் போன்ற பள்ளிகள் அதைத்தான் பார்க்கும். இரண்டு பக்கமும் அழைப்பு வந்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று இன்னொன்றைக் கெடுக்காது.

தேர்வறையில் நடக்கும் தவறு ஒன்று, நம் வீடுகளுக்கே உரியது. நீட், ஜேஇஇ கேட்டு வளர்ந்த அப்பா, "தெரியலைன்னா விட்டுடு, மைனஸ் மார்க் விழும்" என்று சொல்லி அனுப்புவார். எஸ்எச்எஸ்ஏடி-யில் மைனஸ் மார்க்கே கிடையாது. வெறுமனே விட்ட கேள்விதான் நஷ்டம். கால்குலேட்டரும் கிடையாது. 2025 முதல் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கிறது. பழைய தாள்களை மட்டும் பென்சிலால் போட்டுப் பழகியவர்கள் திரையில் நீளமான பத்தி வாசிக்கத் திணறுவார்கள்.

தேதி விஷயம் சின்னதுதான், ஆனால் ஆளைக் கவிழ்ப்பது அதுவே. பட்டியலுக்கு டிசம்பர் வரை நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு, தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், அந்தக் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பது உறைப்பதில்லை. பார்ட் போன்ற பள்ளிகளுக்கு அவர்கள் வைக்கும் மதிப்பீடும் உண்டு, கலைப்பள்ளியான லகார்டியாவுக்கு ஆடிஷன்.

கடைசியாக, வீடு மாற்றுபவர்களுக்கு. இதெல்லாம் நகர எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஃப்ளோரல் பார்க் என்ற பெயரில் நகருக்குள் குவீன்ஸிலும் ஒரு பகுதி இருக்கிறது, எல்லை தாண்டி நாசாவ் கவுண்டியிலும் ஒரு ஊர் இருக்கிறது. வாடகை கொஞ்சம் குறைகிறதே என்று எல்லைக்கு அந்தப் பக்கம் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த வீடு எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.